எந்தப் படத்தைக் கொடுப்பது?

கும்மிடிப்பூண்டியில் ஷெட் வைத்து ஃபேப்ரிகேஷன் செய்யும் ஒருவர், ஒரகடத்தில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வாட்ஸ்ஆப்பில் கொட்டேஷன் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பர்ச்சேஸ் மேனேஜரின் போனில் இவர் எண் பதிவாகியிருக்காது. பேர் வராது, பத்து இலக்கம்தான் வரும். பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம். கொட்டேஷனைத் திறப்பதற்கு முன்பே கண் அந்த வட்டத்துக்குப் போய்விடும். நம் பக்கத்து வட்டங்களில் பெரும்பாலும் என்ன இருக்கிறது? மகளின் முதல் பிறந்தநாள், திருத்தணி முருகன், இல்லையென்றால் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு புல்லட்டில் சாய்ந்து நிற்கும் எட்டு வருடத்துக்கு முந்தைய படம். மூன்றும் மனதுக்கு நெருக்கமானவைதான். ஆறு லட்ச ரூபாய் வேலையை யாரை நம்பிக் கொடுக்கிறோம் என்று யோசிப்பவருக்கு அவற்றில் எதுவும் பதில் சொல்லாது.

பர்சனல் பிராண்டு என்று இப்போது வகுப்பெடுக்கிறார்கள். நம் தொழிற்பேட்டைகளில் அதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: பேர். "லைன்ல அவருக்கு நல்ல பேர்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அதற்கு மேல் விசாரிக்க மாட்டார்கள். பேர் வேலையால் வருவது. எந்தப் படமும் அதைச் சம்பாதித்துத் தராது. ஆனால் உங்கள் பேர் இன்னும் போய்ச் சேராத இடத்துக்கு உங்கள் படம் முதலில் போய்விடுகிறது. காக்களூரிலும் திருமழிசையிலும் சிட்கோ ஷெட்களில் தொழில் நடத்துபவர்கள், கும்மிடிப்பூண்டி, தேர்வாய்க்கண்டிகை சிப்காட் வளாகங்களை நம்பியிருக்கும் கான்ட்ராக்டர்கள், வேலை மாற நினைக்கும் மெயின்டனன்ஸ் இன்ஜினியர்கள், சேஃப்டி ஆபீசர்கள், ஜிஎஸ்டி ஆலோசகர்கள், க்யூசி பிரிவில் இருக்கும் பெண்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

அந்த முதல் பார்வை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அளந்திருக்கிறார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனின் வில்லிஸும் அலெக்சாண்டர் தோதோரோவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத முகங்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். பார்த்தவர்கள் அதற்குள் 'நம்பலாம், நம்பக்கூடாது' என்று முடிவு செய்துவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோது அந்த முடிவு பெரிதாக மாறவில்லை. தங்கள் எண்ணத்தில் உறுதிதான் கூடியது. அந்த முடிவு சரியா என்பது வேறு விஷயம். பல நேரம் தவறாகத்தான் இருக்கும். ஆனாலும் அது நடக்கிறது, நீங்கள் அங்கே இல்லாதபோது நடக்கிறது.

நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் படத்தை நீங்களே தேர்ந்தெடுக்கக் கூடாது.

காரணம் இருக்கிறது. உங்கள் முகத்தை நீங்கள் பார்த்திருப்பதெல்லாம் கண்ணாடியில். வகிடும் மச்சமும் அங்கே இடம் மாறி நிற்கும். அந்த மாறிய முகம்தான் உங்களுக்குப் பழகிய முகம். 1977இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், ஒரே படத்தை நேராகவும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பியும் காட்டிக் கேட்டார்கள். படத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கண்ணாடிப் படம் பிடித்தது. அவர்களுடைய நண்பர்களுக்கு நேர்ப் படம் பிடித்தது. ஸ்டுடியோவில் திரையைப் பார்த்ததும் "என்னமோ மாதிரி இருக்கு" என்று தோன்றுகிறதே, அதற்கு முகமும் காரணமில்லை, போட்டோகிராஃபரும் காரணமில்லை.

2017இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் வைட் குழுவினர் இதை இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். மாணவர்கள் தங்களுடைய 12 படங்களைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் தொழில் சம்பந்தமான பக்கத்துக்குப் பொருத்தமானதை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். அதே 12 படங்களிலிருந்து முன்பின் தெரியாதவர்களும் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு வேறு ஆட்களிடம் காட்டிப் பார்த்தபோது, தெரியாதவர்கள் தேர்ந்தெடுத்த படங்களே நல்ல எண்ணத்தை உண்டாக்கின. தன் முகத்தைத் தானே மதிப்பிடுவதில் நமக்கு ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டு வேலையைப் பிறரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். காக்களூரில் சிஎன்சி ஜாப் ஒர்க் செய்யும் ஒருவர், ஐம்பதை நெருங்குபவர், பன்னிரண்டு படங்களை ஒரே ஏ4 தாளில் சின்னதாக அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் கீழே பேனாவால் எண் போட்டு எடுத்துவந்தார். அவருக்குப் பிடித்தது ஒன்பது. முகம் நேராக, வாய் மூடி, கல்யாணப் பத்திரிகையில் போடும் படம்போல இருந்தது. அவர் மனைவிக்குப் பிடித்தது நான்கு, சிரிப்பு நன்றாக இருந்ததால். தாளை மூன்று பேரிடம் காட்டினோம். ஒருவர் திருவள்ளூர் ஸ்டேஷன் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். இன்னொருவர் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். மூன்றாவது அவர் வங்கிக்குப் புதிதாக வந்திருந்த அதிகாரி. மூவருமே அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. ஒருவர் சொன்னது அடுத்தவருக்குத் தெரியாது. மூவரும் கை வைத்தது ஏழில்.

ஏழாவது படத்தில் அவர் வெர்னியரைக் கையில் வைத்துக்கொண்டு, கேமராவுக்குச் சற்று வலப்புறம் நிற்கும் தன் ஆளிடம் ஏதோ சொல்லி முடித்துவிட்டுத் திரும்புகிறார். புருவம் லேசாக ஏறியிருக்கிறது. உதடு இன்னும் முழுசாக மூடவில்லை. சட்டைப் பையில் ஒரு மார்க்கர் பேனாவும் அடி ஸ்கேலும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. "இதுல நீங்க இளைச்சுப் போன மாதிரி இருக்கீங்க, வேண்டாங்க" என்றார் அவர் மனைவி. ஸ்டோர்ஸ்காரர் சொன்ன காரணம் வேறு: "இவரு அளந்து பார்த்துட்டுத்தான் அனுப்புவாருன்னு தோணுது சார்."

கேட்கும் கேள்வி முக்கியம். "எதுல நான் நல்லா இருக்கேன்?" என்று கேட்டால் அழகைப் பற்றிப் பதில் வரும், அதுவும் உங்கள் மனம் நோகாதபடி வரும். "உங்க பணத்தைக் கொடுத்து வேலை வாங்கறதா இருந்தா, இதுல எவர்கிட்ட கொடுப்பீங்க?" என்று கேளுங்கள், பன்னிரண்டும் வேறு வேறு ஆட்கள் என்பதுபோல. வீட்டாரைக் கேட்க வேண்டாம். அவர்களுடைய அன்பு இந்தத் தீர்ப்புக்கு இடைஞ்சல். மூன்று பேரும் மூன்று எண் சொன்னால் இன்னும் இருவரிடம் போங்கள். ஐந்து பேரிடமும் ஒரு படமும் தேறவில்லை என்றால் மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

கோட்டும் வெளுப்பும்

நம் ஊர் ஸ்டுடியோக்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும்.

"அண்ணே, கோட் போட்டுத் தரட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கோட் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு ஃபைல். உங்களுக்கு முன்னால் வந்த கல்லூரி மாணவருக்கும் உங்களுக்குப் பின்னால் வரப்போகும் பாலிசி ஏஜென்டுக்கும் அதே கோட், அதே டை, தோளில் அதே மடிப்பு. கழுத்து ஒரு பக்கத்து வெளிச்சத்திலும் கோட் இன்னொரு பக்கத்து வெளிச்சத்திலும் நிற்கும். தினமும் ஐம்பது வெண்டர்களைப் பார்க்கும் ஆளுக்கு அது ஒட்டு என்று சட்டென்று தெரிந்துவிடும். படத்தில் ஒன்று ஒட்டு என்று தெரிந்த பிறகு டெஸ்ட் சர்டிஃபிகேட்டை மட்டும் அவர் ஏன் நம்ப வேண்டும்? நீங்கள் கோட் போடுபவர் என்றால் உங்கள் கோட்டை எடுத்துப் போங்கள். போடாதவர் என்றால் நன்றாக இஸ்திரி போட்ட சட்டை போதும். நெருக்கமான பொடிக்கோடு போட்ட சட்டைகளைத் தவிருங்கள், படத்தைச் சின்னதாக்கும்போது அந்தக் கோடுகள் அலைபோல நெளியும்.

இரண்டாவது கேள்வியைக் கேட்பதே இல்லை, அவர்களாகவே செய்துவிடுகிறார்கள். முகத்தை வெளுப்பாக்குவது. எனக்கு இதில் கோபமே உண்டு. என் முதல் விசிட்டிங் கார்டுக்கு எடுத்த படத்தில் என் முகத்தை என் உள்ளங்கை நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி என்னையும் கார்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அவரு வரலையா?" என்று கேட்டார். அந்த கார்டுகளை அன்றே எடுத்து வைத்துவிட்டேன். நம் நிறத்தை யாரும் சரிசெய்ய வேண்டியதில்லை. அது சரியாகப் பதிவாக வேண்டும், அவ்வளவுதான் நாம் கேட்பது.

பதிவாகாமல் போவதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. கோடக் நிறுவனம் பல ஆண்டுகளாகக் கலர் பிரிண்டுகளைச் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். முதலில் அதில் இருந்த பெண்ணின் பேரால் அதை ஷெர்லி அட்டை என்றே அழைத்தார்கள். அவர் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. பல நிறத்தவரும் சேர்ந்த அட்டை வந்தது 1990களின் நடுவில்தான். இன்றைய கேமராவிலும் தானியங்கி அமைப்பு ஒரு காரியம் செய்யும்: வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைச் சட்டையோடு கறுத்த முகம் நின்றால், காட்சி முழுக்க வெளிச்சம் அதிகம் என்று கணக்குப் போட்டு எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். முகம் இன்னும் இருண்டு, கண் எங்கே என்று தெரியாமல் போகும். அதைத் தூக்கிவிடத்தான் ஸ்டுடியோக்காரர் வெளுப்பாக்குகிறார். பின்னணியைச் சாம்பல், நீலம், செங்கல் நிறம் என்று நடுத்தரமாக வையுங்கள். சட்டையும் அதுபோல. போனில் எடுத்தால் திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள், வெளிச்சக் கணக்கு முகத்துக்கு மாறும். பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். தோலில் இருப்பது இருக்கட்டும். போன வாரம் வந்த கொப்புளத்தை எடுக்கலாம். வெல்டிங் தீப்பொறி பட்ட பழைய தழும்பை எடுக்க வேண்டாம்.

ஷட்டர் வாசல்

நல்ல வெளிச்சத்துக்காகச் சென்னை வரை போக வேண்டியதில்லை. ஷெட் வைத்திருப்பவர்களிடம் அருமையான ஸ்டுடியோ ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: ரோலிங் ஷட்டர் வாசல். நேர் வெயில் உள்ளே விழாத நேரத்தில் ஷட்டரை முழுதாகத் தூக்குங்கள். வாசலிலிருந்து மூன்று நான்கு அடி உள்ளே தள்ளி வெளியே பார்த்து நில்லுங்கள். எடுப்பவர் வெளியே நிற்கட்டும். அகலமான வானத்து வெளிச்சம் முகத்தில் மெதுவாகப் படியும். பின்னால் ஷெட் இருட்டிப் போய், கிரேனும் மெஷினும் கோட்டுருவம்போல நிற்கும். உள்ளே எரியும் விளக்குகளை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் முகத்தின் ஒரு பாதி பச்சையோ மஞ்சளோ அடிக்கும். ஹெல்மெட் போட்டிருந்தால் அதன் விளிம்பு கண்ணில் நிழல் விழவைக்கும். ஒருவர் கீழே குந்தி உட்கார்ந்து மார்புக்கு நேராக ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் நிழல் கலையும். ரிஃப்ளெக்டிவ் ஜாக்கெட்டில் ஃபிளாஷ் அடிக்கவே கூடாது, பட்டைகள் மட்டும்தான் தெரியும். பழவேற்காடு பக்கத்து ஈரக்காற்றில் பத்து மணிக்கு மேல் நெற்றி பளபளக்கும், ஒரு துண்டு கையில் இருக்கட்டும். காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை எடுத்து முடிப்பது உத்தமம்.

எடுப்பவர் ஆறடி தள்ளி நிற்க வேண்டும். செல்ஃபி வேண்டவே வேண்டாம். 2018இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கணக்கு இது: பன்னிரண்டு அங்குலத் தூரத்தில் எடுத்த முகத்தில் மூக்கு, ஐந்தடித் தூரத்தில் எடுத்ததைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும். மூக்கு லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதுதான் காரணம். போன் கேமராவானால் ஆறடி தள்ளி நின்று 2எக்ஸ் அல்லது 3எக்ஸில் எடுங்கள். கேமரா வைத்திருக்கும் போட்டோகிராஃபர் என்றால் 85 மில்லிமீட்டர் லென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள், அவருக்குப் புரியும். போஸ் கொடுக்காதீர்கள். எதையாவது விளக்கிச் சொல்லிக்கொண்டிருங்கள். காக்களூர்க்காரரின் ஏழாவது படம் அப்படி வந்ததுதான்.

ஆலைக்குள் எடுக்கும்போது

மற்ற ஊர் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. நம் பகுதியில் இதுதான் அதிகம் காலை வாரும்.

ஷாப் ஃப்ளோரில் ஹெல்மெட்டும் சேஃப்டி ஷூவும் இல்லாமல் கம்பீரமாக நிற்கும் படம் உங்களுக்கு ஒரு நல்ல படம். வெண்டர் ஆடிட்டுக்கு வரும் சேஃப்டி ஆபீசருக்கு அது ஒரு விதிமீறலின் சாட்சி. சின் ஸ்ட்ராப் தொங்கிக்கொண்டிருந்தாலும் கண்ணில் படும். படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். பின்னால் கிரைண்டரில் பாதுகாப்பு மூடி இருக்கிறதா? தரையில் எண்ணெய் கொட்டிக் கிடக்கிறதா? உங்கள் ஆள் ஒருவர் கண்ணாடி போடாமல் வெட்டிக்கொண்டிருக்கிறாரா? ரீ-ரோலிங் மில்லின் சிவந்த கம்பிகள் பின்னணியில் அற்புதமாக இருக்கும், ஆனால் அந்த அழகுக்காக நிற்கக் கூடாத இடத்தில் போய் நிற்காதீர்கள்.

அடுத்தது, பிறருடைய ரகசியம். உங்கள் மேஜையில் விரித்திருக்கும் டிராயிங்கில் வாடிக்கையாளரின் பேரும் பார்ட் நம்பரும் இருக்கும். ரேக்கில் அவர்களுடைய வெளிவராத மாடலின் பாகம் இருக்கும். அந்தப் படம் அவர்களுடைய போட்டியாளரிடம் போனால் உங்கள் ஒப்பந்தம் போய்விடும். நீங்கள் வேலை பார்க்கும் ஆலைக்குள் எடுப்பதாக இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், வாய்ச்சொல் போதாது. லோகோ போட்ட யூனிஃபார்மில் எடுத்த படம் வேலை மாறிய அன்றே பயனற்றுப் போகும், எனவே சாதாரணச் சட்டையிலும் நாலு எடுத்து வையுங்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிவிடுங்கள், அதில் உங்கள் எண்ணும் பார்கோடும் இருக்கின்றன.

பெண்கள் பலர் படமே வைக்காமல் பூவையோ கோலத்தையோ வைக்கிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதை யாரும் லேசாகப் பேசக் கூடாது. தொழிலுக்குத் தனி எண் வைத்து, அதில் மட்டும் தோள் வரையுள்ள தொழில் படத்தை வைக்கலாம். வீட்டு எண்ணில் படத்தைத் தொடர்பில் இருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி வைக்கும் வசதி வாட்ஸ்ஆப்பில் உண்டு. யாராவது படத்தைத் திரித்துப் பயன்படுத்தினால் மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் செய்ய முடியும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களுக்கென்று அதில் தனிப் பிரிவே இருக்கிறது.

கோப்பு, அளவு, உரிமை

ஒரே படம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. வாட்ஸ்ஆப்பும் லிங்க்ட்இன்னும் வட்டமாக வெட்டும், எனவே தலைக்கு மேலும் இரு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்கச் சொல்லுங்கள். லிங்க்ட்இன்னுக்குக் குறைந்தது 400க்கு 400 பிக்சல் வேண்டும். ஜிஎஸ்டி பதிவுக்கு ஜேபெக் கோப்பு 100 கேபிக்குள் இருக்க வேண்டும். இந்த 100 கேபி படத்தைத்தான் பலர் பிறகு பேனர் வரை இழுக்கிறார்கள், முகம் சதுரம் சதுரமாக உடைந்து நிற்கிறது. பாஸ்போர்ட் சைஸ் என்று நாம் சொல்லும் 35க்கு 45 மில்லிமீட்டர் படம் விண்ணப்பத்துக்கானது, அதைத் தொழிலுக்குப் போடாதீர்கள். வட்டத்துக்குள் போட்ட பிறகு போனைக் கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். அந்தத் தூரத்தில் கண் தெரியவில்லை என்றால் இன்னும் நெருக்கமாக வெட்ட வேண்டும்.

காசு கொடுத்து நீங்கள் எடுக்கச் சொன்ன படம் சட்டப்படி உங்களுடையது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. ஆகவே டச்-அப் செய்யாத மூலக் கோப்புகளைக் கேட்பதில் தயங்க வேண்டாம். முன்பணம் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பச் சொல்லாதீர்கள், அது சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் பென் டிரைவை நீட்டுங்கள்.

படத்தை எப்போது மாற்றுவது என்று கேட்கிறார்கள். வருடக் கணக்கு தேவையில்லை. முதல் தடவை சந்திக்க வருபவர் வாசலில் உங்களைத் தேடும்போது அடையாளம் காணத் தடுமாறினால் மாற்றிவிடுங்கள். தாடி வைத்தாலும் எடுத்தாலும், கண்ணாடி போட ஆரம்பித்தாலும், மொட்டை போட்டு முடி வளர்ந்து வேறு மாதிரி ஆனாலும் அதே கதைதான்.

பழையதை அழிக்காதீர்கள். சென்னைத் துறைமுகக் கழகத்தில் 1912இல் குமாஸ்தாவாகச் சேர்ந்த கணித மேதை ராமானுஜனின் முகமாக இன்று உலகம் அறிவது, 1919இல் இங்கிலாந்திலிருந்து திரும்புவதற்காக எடுத்த பாஸ்போர்ட் படம். உடல்நலம் குன்றியிருந்த சமயம் அது. அவர் இறந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு நல்ல படம் தேவைப்பட்டது. 1936இல் இந்தியா வந்த இயற்பியலாளர் சந்திரசேகர், ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளைத் தேடிப் போய் அந்தப் படத்தைக் கண்டெடுத்தார். 1980களில் அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லண்ட் ராமானுஜனுக்கு வெண்கல மார்பளவுச் சிலை வடித்ததும் அதைப் பார்த்துத்தான். ஜானகி அம்மாள் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்.

உங்கள் மூலக் கோப்புகளுக்கு எடுத்த தேதியையும் எடுத்தவர் பேரையும் சேர்த்துப் பேர் வையுங்கள். ஒரு நகல் ஷெட்டில் இருக்கட்டும், ஒன்று வீட்டில், பத்திரங்கள் இருக்கும் பீரோவில்.